மலங்கனுக்கு நான் கட்டிய திரை

அப்பா இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது அவர் இறந்த நாற்பத்தோராம் நாள். 1986 மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து இருபது. சுவிஸில், எம்மன்புரூக்கேயில் நானும் இன்னொருவரும் குடியிருந்த மாடிவீட்டின் தபால் பெட்டியில், தளபாடக் கடை ஒன்றின் விளம்பரத் தாளுக்குள் கடிதம் செருகிக் கிடந்தது. விளம்பரத்தை அப்படியே எறிந்திருந்தால் கடிதமும் போயிருக்கும். அன்று நாட்குறிப்பில் இதை எழுதிய பிறகுதான் அப்பா இறந்ததை எழுதியிருக்கிறேன். ஏன் அந்த ஒழுங்கில் எழுதினேன் என்று இன்று வாசிக்கும்போது எனக்கே விளங்கவில்லை.

எழுத்து அக்காவினுடையது. அப்பா பின்னேரம் கிணற்றடியில் விழுந்திருக்கிறார். ஊரடங்கு நேரம். வைத்தியசாலைக்குக் கொண்டு போக வழி பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் பகல் எரித்தார்கள். ஒரே மகனான நான் அங்கே இல்லாததால் அத்தான் கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில், இறந்தவரை அனுப்பிவைக்கும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்யவேண்டும். அந்தப் பக்கம் போகும் பாதை மூடிக் கிடந்ததால் அது நடக்கவில்லை. அம்மா சொன்னதைச் சொன்னபடியே கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார்.

"கொள்ளிதான் மருமோன் வைச்சார். அந்தியேட்டியை அவன்தான் செய்யவேணும். எந்தத் தேசமெண்டாலும் தண்ணி ஓடும்தானே. செய்து முடிச்சிட்டுக் கடிதம் போடட்டும். அது முடியுமட்டும் எனக்கு ஒரு நேரச் சாப்பாடு போதும்."

அதற்குக் கீழே அக்கா தன் பங்குக்கு ஒரு வரி: "அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சுறுக்காச் செய்."

அந்தியேட்டி முடியும்வரை இறந்தவர் வீட்டை விட்டுப் போவதில்லை என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இருந்ததா என்று சொல்ல முடியாது. அம்மா இரவில் சாப்பிடாமல் படுக்கிறார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

நான் ஊரில் பதினேழு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். எது முதல், எது பிறகு என்று தெரியாமல் ஒரு வேலையைத் தொடங்கிப் பழக்கமில்லை. அந்தியேட்டி என்பது ஐயர் சொல்லச் சொல்லச் செய்வது. இங்கே ஐயர் இல்லை. நாங்கள் அறிந்த கோயிலும் அப்போது இல்லை. சூரிச்சில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவருக்குத் தேவாரம் தெரியும், மந்திரம் தெரியாது. துன் நகரில் ஹோட்டல் வேலை செய்த இன்னொருவரின் தகப்பன் ஊரில் ஐயர் என்றார்கள். அவரிடமும் கேட்டேன். தகப்பன் சடங்கு செய்வதைத் தான் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை, அந்த நேரங்களில் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவது வழக்கம் என்றார்.

என்னோடு குடியிருந்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவுகிறவர். அவருக்கு எந்த விஷயமும் சிக்கலாகத் தெரிவதில்லை.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஆத்தடிக்குப் போங்கோ. எள்ளுத் தண்ணியை இறையுங்கோ. முடிஞ்சுது."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிறது?"

"தெற்கு."

"எத்தினை தரம் இறைக்கிறது?"

"மூண்டு."

"மூண்டெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"அண்ணை, உங்களுக்கு அப்பாவை அனுப்ப விருப்பமோ, சோதினை எழுத விருப்பமோ?"

ஞாயிறு காலை ஏழரைக்கு எம்மே என்ற ஆறு ரொய்ஸ் ஆற்றில் கலக்கும் இடத்துக்குப் போனேன். கறுப்பு எள் எங்கும் கிடைக்கவில்லை. தானியக் கடையில் வாங்கிய வெள்ளை எள் ஒரு சிறிய பையில் இருந்தது. வெள்ளை எள் செல்லுமா என்று யோசித்தபடி நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கை எள்ளை எடுத்தபோது, நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்று, வாத்துகளுக்கு அதைப் போடக்கூடாது, அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று மரியாதையாகச் சொன்னார். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போட முடியவில்லை. எள்ளைப் பையில் கட்டிக்கொண்டு திரும்பினேன். நாட்குறிப்பில் அன்று "இன்னும் இல்லை" என்று இருக்கிறது. அடுத்து வந்த எல்லா நாட்களிலும் அப்படியே இருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு லுசேர்ணுக்கு அருகில் ஒரு பழைய சேகரிப்பில் தற்காலிக வேலை. பாதிரிமாரும் கப்பல்காரரும் எப்போதோ தென்கடல் தீவுகளிலிருந்து கொண்டுவந்த பொருட்கள் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் கிடந்தன. அவற்றைக் கீழ் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். தூக்குவது, தூசி தட்டுவது, இலக்கத்தைச் சரிபார்ப்பது, ஒரு நாளில் மூன்று தரம் காற்றின் ஈரப்பதத்தைக் குறித்து வைப்பது என் வேலை. காலை எட்டுப் பத்துக்கு, பகல் பன்னிரண்டுக்கு, மாலை நாலுக்கு. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பொறுப்பாக இருந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் அழைப்பதுபோல ஃப்ராவ் டொக்டர் என்றே நானும் அழைத்தேன். அவரோடு ஜெர்மனிலும் ஆங்கிலத்திலுமாகக் கதைத்ததை நாட்குறிப்பில் எங்கள் பேச்சிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அதை அப்படியே இங்கே தருகிறேன்.

சாமோவாவின் மரப்பட்டைத் துணி மூன்று மீட்டர் அறுபத்திரண்டு. மரச் சீப்புகள், துடுப்புகள், தண்டாயுதங்கள். இவை என்னவென்று பார்த்தவுடன் விளங்கும். விளங்காதது, நியூ அயர்லாந்துத் தீவின் மலங்கன் என்ற மரச் சிற்பம். ஆளுயரம். ஒரு மனிதன் பெரிய மீனின் வாய்க்குள் நிற்கிறான். அவன் தோளில் ஒரு பறவை, பறவையின் அலகில் ஒரு பாம்பு. சிவப்பு, கறுப்பு, வெள்ளை. கண்ணுக்குக் கடல் நத்தையின் மூடியைப் பதித்திருந்தார்கள். பச்சையும் பழுப்புமான அந்தக் கண், அறையில் எங்கே நின்றாலும் நம்மைப் பார்ப்பதாகத் தோன்றும்.

அதன் அட்டையை அகராதி வைத்து இரண்டு நாள் வாசித்தேன். இறந்தவருக்காகச் செய்வது. வேலி கட்டி, அதற்குள் மறைவாக மாதக்கணக்கில் செதுக்குவார்கள். ஒரே ஒரு நாள் வேலியைப் பிரித்து எல்லோருக்கும் காட்டுவார்கள். விருந்து நடக்கும். அதன் பிறகு சிற்பத்தைக் காட்டில் உக்க விட்டுவிடுவார்கள், அல்லது எரிப்பார்கள், அல்லது வெளியாட்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு களஞ்சியக்காரனால் இதை விளங்கிக்கொள்ள முடியவில்லை. மாதக்கணக்கில் செய்ததை ஒரு நாளில் எறிகிறார்கள். அவர்கள் எறிந்ததை நாங்கள் இங்கே ஈரப்பதம் ஐம்பது, வெப்பம் பதினெட்டு என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறோம்.

"ஃப்ராவ் டொக்டர், இது சாமியோ?"

"இல்லை."

"அப்ப செத்த ஆளின்ர சிலையோ?"

"அப்பிடியும் சொல்ல ஏலாது."

"அப்ப என்ன?"

"பதினொரு வருசமாப் படிக்கிறன். முதல் வருசம் கேட்டிருந்தா வடிவாச் சொல்லியிருப்பன்."

எனக்கு விடை தேவைப்பட்டது. துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, இருக்கும்போது சாமியைத் தொடக்கூடாது. செத்தவருக்கான பொருள் என்றால் தொடலாம். செய்தி பிந்தி வந்தால் துடக்கு எத்தனை நாள் என்பதும் எனக்குத் தெரியாது. சிலர் மூன்று நாள் என்பார்கள், சிலர் தலையில் தண்ணீர் வார்த்தால் போதும் என்பார்கள். பொருட்களைத் தொடும்போது போட ஃப்ராவ் டொக்டர் வெள்ளைப் பருத்திக் கையுறை தந்திருந்தார். என் கை வியர்வை மரத்தில் படக்கூடாது என்பதற்காக. நான் அதை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கழற்றாமல் இருந்தது அந்தக் காரணத்துக்காக மட்டும் அல்ல.

ஒருநாள் மரப்பட்டைத் துணியைச் சுருட்டிக்கொண்டு இருக்கும்போது ஃப்ராவ் டொக்டர், பொலினீசியத் தீவுகள் சிலவற்றில் பிணத்தைத் தொட்டவர்கள் பல நாட்களுக்குத் தங்கள் கையால் உணவைத் தொடக்கூடாது, வேறு ஆட்கள்தான் ஊட்டிவிடுவார்கள் என்று சொன்னார். எங்களிலும் முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகக்கூடாது என்றேன். அவர் உடனே குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"ஏன் போகக்கூடாது?"

"தெரியாது."

"தெரியாது" என்றே எழுதிக்கொண்டார். அப்பா இறந்ததை அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டிருப்பார்.

மே மாதத்தில் அக்காவின் இரண்டாவது கடிதம் வந்தது. "அம்மாவின் சட்டையெல்லாம் தொளதொளக்குது. நீ இன்னும் செய்யேல்லையோ?" அவ்வளவுதான். நான் பதில் எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்தேன்.

அதே வாரம் சேகரிப்புக்கும் ஒரு கடிதம் வந்தது. நியூ அயர்லாந்திலிருந்து ஒருவர் தேவாலயக் கூட்டம் ஒன்றுக்காக ஐரோப்பா வருகிறார். ஃப்ராவ் டொக்டரின் அழைப்பை ஏற்று இங்கேயும் வருவாராம். ஆனால், மலங்கனைத் தான் வந்து பார்க்கும்வரை எல்லோர் கண்ணுக்கும் வைக்கவேண்டாம் என்று எழுதியிருந்தார். மண்டபம் திறப்பது அவர் வந்து ஐந்தாம் நாள். சிற்பத்தைத் தூக்கிப் பீடத்தில் நிறுத்த நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் வருவது அதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரே ஒரு நாள். ஆகவே நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் தச்சர்கள், மின்சாரக்காரர்கள், துப்புரவுப் பெண்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

"பெட்டி அடிச்சு மூடலாம்," என்றார் ஃப்ராவ் டொக்டர். "ஆனா அது பொதி மாதிரி இருக்கும். மரியாதை இல்லை. உங்கட ஆக்கள் என்ன செய்வினம்?"

"திரை போடுவினம்."

யோசிக்காமல் சொன்னேன். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் திரை தொங்கும். மறைப்பதற்கு அதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கூட்ட அறையில் கழற்றி வைத்திருந்த பச்சைத் திரைச்சீலை ஒன்றை எடுத்தோம். உயரம் இரண்டு நாற்பது, அகலம் ஒன்று எண்பத்தைந்து. பித்தளை வளையம் பதினாலு. இழுத்தால் ஒரு பக்கமாக ஒதுங்கும்படி கயிறு கட்டினேன். வேலை முடிந்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

திருப்தி அடுத்த சனிக்கிழமை வரைதான் இருந்தது. என்னோடு குடியிருந்தவருக்கு அன்று விடுமுறை, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்தார். மண்டபத்தில் துடுப்பு, சீப்பு, தண்டாயுதம் எல்லாவற்றையும் சட்டைப்பையில் கையை விட்டபடி கடந்தார். திரைக்கு முன்னால் வந்ததும் நின்றார். கை வெளியே வந்தது. சப்பாத்தைக் கழற்றினார்.

"எப்ப திறப்பினம், அண்ணை?"

"திறக்கிறதில்லை. மறைச்சிருக்கு."

"மறைக்கிறதெண்டா என்னத்துக்குத் திரை? திரை போட்டா மணி அடிச்சுத் திறக்கத்தானே வேணும்."

"உதுக்க சாமி இல்லை."

"அப்ப என்ன இருக்கு?"

"தெரியாது எண்டு ஃப்ராவ் டொக்டரே சொல்லுறா."

"தெரியாததுக்கோ கயிறு கட்டினீங்கள்?"

அவர் கால்மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மின்சார வேலை செய்த இரண்டு சுவிஸ்காரரும் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் திரையின் ஓரத்தை விரலால் விலக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். திங்கட்கிழமை துப்புரவுப் பெண்கள் இருவரும் அங்கேதான் நின்றார்கள். முன்பு யாரும் திரும்பிப் பார்க்காத மூலை அது. மறைப்பதற்கு நான் கட்டிய திரை எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் திரை என்றால் கொஞ்சம் பொறுங்கள், இப்போது காட்டுவோம் என்று அர்த்தம். நாற்பத்தாறு வருடம் திரைக்கு முன்னால் நின்றவனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

நியூ அயர்லாந்துக்காரர் ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை பதினொன்று ஐந்துக்கு வந்தார். என் வயதிருக்கும். ஊரில் தச்சு வேலையும் செய்கிறார், தேவாலயத்தில் மறைக்கல்வியும் சொல்லிக் கொடுக்கிறார். வெயில் நாளில் இரவல் ஓவர்கோட் போட்டிருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது, ஃப்ராவ் டொக்டருக்குப் படபடப்பில் ஆங்கிலம் வரவில்லை, ஆகவே நான் நடுவில் நின்றேன். நான் அவரை "சேர்" என்று மரியாதையாக அழைத்தேன். அவர் என்னைச் சகோதரம் என்றார்.

மண்டபத்துக்குள் வந்தவர் திரையிலிருந்து மூன்று அடி தள்ளி நின்றார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"உந்த வேலியை ஆர் கட்டினது?"

"வேலி இல்லை, சேர். திரை."

"துணி வேலி. ஆர் கட்டினது?"

"நான்தான்."

"ஆர் செத்தது?"

நான் அதை மொழிபெயர்த்தேன். ஃப்ராவ் டொக்டர் ஒருவரும் சாகவில்லை, மரியாதைக்காகத்தான் மறைத்தோம் என்றார். வந்தவர் தலையை ஆட்டினார், ஆனால் ஒத்துக்கொண்ட ஆட்டல் இல்லை.

"மறைக்கிறதெண்டா பெட்டிக்குள்ள விட்டிருக்கலாம். வேலி கட்டினா ஆருக்கோ வேலை நடக்குது எண்டு அர்த்தம். திறக்கத்தான் வேணும். சும்மா திறக்க ஏலாது. ஒரு ஆளுக்குத்தான் திறக்கிறது."

"முதல் ஆருக்காகச் செய்ததோ, அந்த ஆளுக்கே திறப்பம்," என்றார் ஃப்ராவ் டொக்டர்.

"அந்த ஆளுக்கு எப்பவோ முடிஞ்சுது. முடிஞ்சபடியால்தானே உங்கட கையில குடுத்தவை. திருப்பியும் ஏன் அவரைக் கரைச்சல்படுத்துறது?"

"நீங்கள் அனுமதி தந்தா..."

"இது எங்கட ஊருச் சாமான் இல்லை. ரெண்டு ஊர் தள்ளி. பாக்கலாம், செய்ய எனக்கு உரித்தில்லை. அனுமதி தாறதுக்கு நான் ஆர்?" பிறகு சிரித்தார். "இப்ப நாங்கள் மரத்தில குறைவு. சீமெந்தில சிலுவை செய்யிறம். அதுக்கும் வேலி கட்டித்தான் திறக்கிறது. பாதிரியாரும் வந்து சாப்பிட்டுட்டுப் போவார்."

ஃப்ராவ் டொக்டரின் முகம் சிவந்துவிட்டது. ஐந்து நாளில் மண்டபம் திறக்கவேண்டும். யாருடைய பெயரில் திறப்பது என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். இதைத் தீவுக்காரருக்கு மொழிபெயர்க்கவேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு ஒராள் இருக்கு."

தமிழில் சொல்லிவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது, அதன் பிறகு ஜெர்மனில். ஒரே செய்தியை மூன்று தரம் சொன்னபோது மூன்றாம் தரம்தான் என் குரல் உடைந்தது. ஃப்ராவ் டொக்டர் எப்போது என்று கேட்டார். ஜனவரிக் கடைசியில் என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் வைத்தார்.

தீவுக்காரர் கேள்விகளைத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"தகப்பனுக்கு என்ன வேலை?"

"பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவர்."

"ஆர் தாட்டது?"

"எரிச்சது. அக்காவின்ர மனிசன்."

"விருந்து குடுத்து அனுப்பியாச்சோ?"

"இல்லை. நான்தான் செய்யவேணும். ஒழுங்கு தெரியாது. ஐயர் இல்லை. அம்மா ஒரு நேரந்தான் சாப்பிடுறா."

"ஒரு நேரமோ?" அவர் முகத்தில் அப்போதுதான் கவலை தெரிந்தது. "எங்களிலயும் உண்டு. முடியுமட்டும் சிலது தின்னமாட்டினம். அப்ப உனக்கு வேலை மிச்சம் இருக்கு, சகோதரம். வேலியையும் நீயே கட்டியிருக்கிறாய்."

அப்பாவுக்காகக் கட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன். எதற்காகக் கட்டினேன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

சாப்பாடு இல்லாமல் திறக்க முடியாது என்றார். பன்றி வேண்டுமாம். பன்றி இல்லை என்பதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. ஃப்ராவ் டொக்டர் அவருக்காக வீட்டில் செய்த வால்நட் கேக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அலுமாரியில் ஆறு ஆப்பிள் இருந்தது. என் சாப்பாட்டுப் பெட்டியில் சோறும் பருப்பும் போஞ்சிக்காய்க் கறியும். செய்தி வந்த நாள் முதல் மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் நான் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் திரைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் வைத்தோம். வாழையிலை போடும் இடத்தில் பொதி கட்டும் தாள்.

நான் கயிற்றைப் பிடித்தேன். ஒன்பதாவது வளையம் கொஞ்சம் இறுகியது, பிறகு விட்டது. திரை ஒதுங்கியது. மூன்று மாதம் தூசி தட்டிய சிற்பந்தான். ஆனால் மீன் வாய்க்குள் நின்றவனை அன்று என்னால் நேரே பார்க்க முடியவில்லை. தீவுக்காரர் என் அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் அதை உரத்துச் சொன்னார். வகுப்பறையில் இடாப்பை வைத்துப் பிள்ளைகளின் பெயர் கூப்பிடுவதுபோல இருந்தது. பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். நான் கும்பிட்டேன். ஃப்ராவ் டொக்டர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தேன், எல்லாம் நாலு நிமிடந்தான்.

தீவுக்காரர் சாப்பாட்டைப் பிரித்தார். தனக்கும் ஃப்ராவ் டொக்டருக்கும், மேலே வேலை செய்த தச்சர் இருவரைக் கூப்பிட்டு அவர்களுக்கும். எனக்கு இல்லை.

"நீ சாப்பிடக்கூடாது. குடுக்கிறவன் நீ."

"எங்களில, செய்தவர் படைச்சதில கொஞ்சம் சாப்பிடத்தான் வேணும்."

"அப்பிடியோ?" அவர் யோசித்தார். "எனக்கு உங்கட ஒழுங்கு தெரியாது."

"எனக்கும் வடிவாத் தெரியாது."

கடைசியில் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன். அது சரியா பிழையா, யாருடைய முறைப்படி என்று கேட்க அங்கே ஆள் இல்லை. தச்சர் ஒருவர் பருப்பு நன்றாக இருக்கிறது என்றார்.

தாளை மடித்து எடுக்கும்போது தீவுக்காரர் சொன்னார்: "முடிஞ்சுது. இனி இதை வைச்சிருக்க வேண்டாம்."

"வைச்சிருக்க வேண்டாமெண்டா?" ஃப்ராவ் டொக்டருக்கு ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது.

"மழையில விடுங்கோ. இல்லாட்டி எரியுங்கோ. இல்லாட்டி வெளியாக்கள் ஆருக்கும் குடுங்கோ."

"வெளியாக்களெண்டு குடுத்துத்தானே எங்களிட்ட வந்தது!"

"ஓம். அதுவும் சரி. அப்ப உங்களுக்கு வெளியால ஆர் இருக்கினம்?"

கேட்டவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஃப்ராவ் டொக்டரும் சிரித்தார், ஆனால் அவர் கை பீடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது. இலக்கம் போட்ட பொருள், சேகரிப்பை நடத்தும் சபையின் சொத்து, மழையில் விட முடியாது என்றார். தீவுக்காரர் தோளை உயர்த்தினார். "உங்கட வழக்கம் உங்களுக்கு." இரண்டு நாற்பது ரயிலுக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குள் ஏறியபின் யன்னலைத் திறந்து, "கொம்மாவைச் சாப்பிடச் சொல்லு," என்றார்.

மறுநாள் எட்டுப் பத்துக்கு ஈரப்பதம் ஐம்பத்திரண்டு. திரையைக் கழற்றியாயிற்று. சிற்பத்தைத் தூசி தட்டவேண்டும். தூரிகையோடு அதன் முன்னால் நின்றேன். அவர்கள் முறைப்படி அப்பாவுக்காக இது திறக்கப்பட்டுவிட்டது. அவர்கள் முறைப்படி இதை எறிந்தால்தான் முடிவு. எறியவில்லை. அப்படியானால் அப்பா போய்விட்டாரா, அல்லது ஊர்க் கிணற்றடியிலிருந்து கிளப்பி லுசேர்ணில் ஒரு பீடத்தின்மேல் இலக்கம் போட்டு இருத்திவிட்டேனா? எங்கள் முறைப்படி பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை. எள் இல்லை, தண்ணீர் இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் முந்தின இரவு, மூன்று மாதத்தில் முதல் தரம், நான் அப்பாவை நினைக்காமல் நித்திரை கொண்டிருந்தேன். அதை எந்த முறையில் சேர்ப்பது?

பின்னேரம் என்னோடு குடியிருந்தவரிடம் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"பண்டி கேட்ட மனிசன்ர சடங்கிலயோ அப்பரை அனுப்பினீங்கள்? மீன்ர வாயுக்க நிக்கிறதுக்கு முன்னால?"

"ஓம்."

"வெள்ளை எள்ளு செல்லுமோ எண்டு ஆத்தடியில யோசிச்சு நிண்ட ஆள் நீங்கள்!"

"ஓம்."

"சரி. போனாரோ, இல்லையோ?"

"தெரியாது."

"அம்மாவுக்கு என்ன எழுதப்போறியள்? தெரியாது எண்டோ?"

அவர் மறுபடி வெங்காயம் வெட்டத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனிசி இரவில பட்டினி, அண்ணை," என்றார்.

வான்கடிதம் ஒன்றை எடுத்து எழுதினேன். "அம்மா, செய்து முடிச்சிட்டன். நாலு பேருக்குச் சாப்பாடு குடுத்தனான். நீங்கள் இனி இரவும் சாப்பிடுங்கோ." மூன்று வசனம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்துப் பார்த்தேன். முதலாவது வசனத்தில் பேனை கொஞ்சம் நின்றது, ஆனால் வெட்டவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. கடிதம் கிடைத்த அன்றிரவே அம்மா இரண்டு இடியப்பம் சாப்பிட்டாராம், அடுத்த நாள் மூன்று. அக்கா எழுதியிருந்தார். நான் அந்த வரியை நின்ற இடத்திலேயே மூன்று தரம் வாசித்தேன். அதற்குக் கீழே அம்மாவின் கேள்வி: "என்னென்ன படைச்சவன் எண்டு கேட்டு எழுது. அவருக்குப் பிடிச்சது இருந்ததோ எண்டு பாக்கவேணும்."

தாளை எடுத்தேன். சோறு. பருப்பு. போஞ்சிக்காய்க் கறி. ஆப்பிள் ஆறு. ஐந்தாவது கேக். அப்போதுதான் தோன்றியது. கேக்கில் முட்டை போட்டிருப்பார்கள். அந்தியேட்டிப் படையலில் முட்டை என்று அம்மா அறிந்தால், இரண்டு இடியப்பமும் அன்றோடு நின்றுவிடும்.

மறுநாள் ஃப்ராவ் டொக்டரிடம் கேட்டேன்.

"அந்தக் கேக்குக்கு எத்தினை முட்டை?"

"நாலு. பிடிச்சதோ?"

எப்படி விளக்குவது? பிடித்தது என்றேன். வெள்ளிக்கிழமை எனக்கென்று ஒரு முழுக் கேக் செய்து, தட்டோடு துணியில் கட்டிக் கொண்டுவந்து தந்தார். அன்று படைத்த கேக்கில் நான் ஒரு துண்டும் சாப்பிடவில்லை என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. என்னோடு குடியிருந்தவர் அதை மேசையில் வைத்து ஒரு துண்டு வெட்டினார், மணந்து பார்த்தார், வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார்.

"முட்டை வாசம் கொஞ்சமும் இல்லை, அண்ணை. கொட்டைதான் தெரியுது. எழுதாதேங்கோ."

"இருந்தது இருந்ததுதானே."

"படைக்கேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"யோசிக்கேல்லை."

"யோசிக்காதது கணக்கில்லை." இன்னொரு துண்டு வெட்டினார். "உங்கட அப்பருக்கு இனிப்புப் பிடிக்குமோ?"

பிடிக்கும் என்றேன். பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது சட்டைப்பையில் எள்ளுருண்டை வைத்திருப்பார், எங்களுக்குத் தெரியாமல் ஒன்றை வழியிலேயே சாப்பிட்டுவிடுவார்.

"அப்ப எழுதுங்கோ, இனிப்புப் படைச்சது எண்டு. அது பொய்யோ?"

கடிதத்தில் ஐந்தாவதாக "இனிப்புப் பலகாரம் ஒன்று" என்று எழுதி ஒட்டினேன். அன்றைய நாட்குறிப்பில் "கேக், முட்டை 4" என்று இருக்கிறது.